இங்கிலாந்து வீட்டுக்குக் கரம்

என் மனைவி பிலோமிக்கு இங்கிலாந்தில் ஒரு வீடு இருக்கிறது. மாடிப்படியும், கொல்லைப்பக்கம் ஒரு துண்டு புல்தரையும் உள்ள வீடு. நாங்கள் இருவரும் மூணாறு பக்கம் சூரியநெல்லியில், கடைவீதிக்குப் பின்னால், மாதம் ஐயாயிரம் கொடுத்து வாடகை வீட்டில் இருக்கிறோம். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் நான் கோபித்துக்கொள்வதில்லை. நானே பல தடவை சிரித்திருக்கிறேன். சிரிப்பு வராத நாளில் சண்டை போட்டிருக்கிறேன்.

எனக்குப் பெயர் சூசையப்பன். கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். சூரியன் உதிப்பதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்களை மேலே கொண்டுபோய் நிறுத்தி, பார்த்து முடித்ததும் கீழே கொண்டுவந்து விடுவது வேலை. அங்கே பாதை என்று ஒன்று கிடையாது, கல்தான் உண்டு. இருபத்தாறு வருடம் அந்தக் கல்லில் ஓட்டியதில் இடுப்பு போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை என்பாள் பிலோமி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடுவில் என்னைப் பற்றியும் வரும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

பிலோமி பிறந்தது பக்கத்து எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து வீடு. முதல் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் ‘நூறாயுசு’ என்பார்கள். கதவு முதல் கூரைத் தகரம் வரை எல்லாம் கம்பெனியுடையது. கம்பெனிக் கணக்கில் தொழிலாளி என்று பெயர் இருக்கும் வரைக்கும்தான் வீடு. அவளுடைய அம்மா ஓய்வு பெற்றபோது அந்த வீட்டில் கொழுந்து பறிக்க வேறு ஆள் இல்லை. பிலோமி மதுரையில் நர்ஸ் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். லீவுக்கு வந்தவள் பார்த்தது, அம்மாவும் அப்பாவும் மாதா படத்தையும் பாத்திரங்களையும் போடிக்குப் போகிற லாரியில் ஏற்றுவதைத்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லையாம். தானும் ஒரு மூட்டையைத் தூக்கி லாரியில் வைத்தாளாம். என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாக அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. எங்கள் மகள் நிமிக்கு அப்போது நாலு வயது. ‘ரெண்டு வருசம் போயிட்டு வந்துருதேன்’ என்று சொல்லிப் போனவள் பத்தொன்பது வருடம் கழித்து வந்தாள். நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு மாத லீவு. நிமிக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவன் நான். அவள் வயதுக்கு வந்த அன்று என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டு வாசலில் போய் முழித்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள் போனில் சொன்னாள், ஸ்டோக் என்ற ஊரில் கடன் வாங்கி வீடு ஒன்று முடித்துவிட்டதாக.

“ஏங்க, அச்சு அசல் நம்ம லயம் மாதிரியே இருக்குங்க. வரிசையா ஒட்டி ஒட்டித்தான் கட்டிருக்காக. ஆனா சாவி நம்ம கையில.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லை, பொண்டாட்டி சீமையில் வீடு வாங்குகிறாள். வீடு வாங்கினால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பதுதான் என் பயம். அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. ‘உன் வீட்டை நீயே கட்டிக்கிட்டு அழு’ என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்று முதல் அது ‘உன் வீடு’தான். ‘உன் வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி?’ ‘உன் வீட்டு ஓடு மாத்தியாச்சா?’ பதினெட்டு வருடம் அப்படியேதான் பேசினேன். அவளும் திருத்தவில்லை.

அந்தக் கடனை இரவு ஷிப்ட் பார்த்தே அடைத்தாள். இரண்டாயிரத்து இருபதில் கடன் முடிந்தது. இருபத்திரண்டு மார்ச்சில் வேலையை விட்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள். வீட்டை சிஞ்சு என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். சிஞ்சுவும் நர்ஸ்தான், சின்னக்கானல் பக்கத்து லயத்துப் பெண், இரண்டு குழந்தைகள். மாதம் அறுநூறு பவுண்டு. அந்தத் தெருவில் மற்றவர்கள் எண்ணூறு வாங்குகிறார்களாம். ‘கூட்டிக் கேளேன்’ என்றால், ‘லயத்துப் பிள்ளகிட்டயா?’ என்று ஒரு பார்வை பார்ப்பாள்.

போன ஐப்பசியில்தான் பக்கத்துத் தெரு பெரியமுத்து அண்ணாச்சி தன் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். மகனோடு தேனியில் போய் இருக்கப் போகிறார். ஆறு சென்ட், மூன்று அறை, தண்ணீருக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், அதற்குப் பட்டயம், அதாவது சர்க்கார் கொடுத்த பட்டா, இருக்கிறது. எங்கள் பகுதியில் பட்டயம் உள்ள வீடு என்பது ஆடி மாத மழையில் காய்ந்த துணி மாதிரி. கிடைத்தால் உடனே எடுத்து மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் பதில் சொல்லச் சொன்னார். எனக்கு அறுபத்திரண்டு வயது. சொந்தக் கூரைக்குக் கீழே ஒரு நாள் தூங்கியது கிடையாது. இங்கிலாந்து வீட்டை விற்றால் அண்ணாச்சி வீட்டைப் போல மூன்று வீடு வாங்கலாம்.

“வித்துரு பிலோமி. அங்க போயா இருக்கப் போறோம்?”

“போயி இருக்கிறதுக்கா வாங்குனேன்? அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“அப்ப நம்ம சாகுற வரைக்கும் வாடகை வீடுதானா?”

அவள் கீரை ஆய்ந்தாள். பதில் இல்லாத எல்லாக் கேள்விக்கும் அவள் கீரைதான் ஆய்வாள்.

இப்படி நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது, டிசம்பர் முதல் வாரம், அவள் போனுக்கு வருமானவரி இலாகாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டில் உங்களுக்குச் சொத்தோ வருமானமோ இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, நீங்கள் கொடுத்த கணக்கில் அது இல்லை, டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். பிலோமி அதை நாலு தடவை படித்தாள். பிறகு கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையில் இருக்கும் நிமிக்கு அனுப்பினாள். நிமி விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். சொல்லாமல் மறைத்தால் பத்து லட்சம் வரை தண்டம் போடச் சட்டம் இருக்கிறதாம்.

“நான் எதம்மா மறைச்சேன்?” என்று பிலோமி போனிலேயே சத்தம் போட்டாள். “அங்கனயே வரியப் பிடிச்சுட்டுத்தான் மிச்சம் குடுக்கான். வருசா வருசம் ஒழுங்காக் கட்டுதேன். பிடிச்சாச்சுன்னா முடிஞ்சாச்சுல்ல?”

அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. எஸ்டேட்டில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் கணக்கு அப்படித்தான். சம்பளச் சீட்டில் ஒரு பக்கம் பிடித்தம் இருக்கும். பிராவிடண்ட் பண்டு, சங்கம், அரிசிக்கடை என்று ஆபீசில் பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடித்துவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். கைக்கு வந்த காசைப் பற்றி அதற்கப்புறம் யாரும் வந்து கேட்டது கிடையாது. சீமை சர்க்கார் பிடித்ததையும் அவள் அந்த வரிசையில் வைத்துவிட்டாள். மூணாறில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வருடா வருடம் கணக்கு போடும்போது, பேங்க் வட்டியை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். பிடித்த காசுக்கு என்ன கணக்கு என்று வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்று அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் புத்தி என்ன சொல்லிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்லதாய்ப் போயிற்று, இனி விற்றுத்தானே ஆகவேண்டும் என்று சந்தோஷப்பட்டது.

“பத்து லட்சம் தண்டம்னா வீட்ட வித்துத்தான் கட்டணும். அது சர்க்காருக்குப் போறதுக்கு முந்தி நாமளே வித்துட்டா என்ன?” என்றேன்.

“மொதல்ல போயி வெவரம் கேப்போம்” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

நிமிக்குத் தெரிந்த ஆடிட்டர், அவள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார். பெயர் ஜெகன். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறிப் போய், இரவு நிமியோடு தங்கிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் ஆபீசில் உட்கார்ந்தோம். கீழே மாட்டுத்தீவனக் கடை, மேலே ஆபீஸ். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. முகத்தில் அவசரம் கிடையாது. பிலோமி ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்தொன்பது வருடத்தையும் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

“ஏனுங்க்கா, நீங்க ஊருக்கே வந்து சேந்தது எப்பங்க?”

“இருபத்திரண்டு மார்ச்சுங்க சார்.”

அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு சிரித்தார்.

“பயந்துக்காதீங்க. வெளிநாட்டுல ரொம்ப வருசம் இருந்துபோட்டு வர்றவீங்களுக்கு மொதல் ரெண்டு மூணு வருசம் அங்கத்த வாடகைய இங்க கேக்கறதில்லீங். உங்களுக்கு அது போன வருசத்தோட முடிஞ்சுபோச்சுங். இந்த வருசக் கணக்குலதான் மொத மொத சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுப்போட்டீங்க. முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும் திருத்திக் குடுக்கலாமுங்க. குடுத்துட்டா இந்த வருசம் சரியாப்போச்சுங்.”

“அங்க கட்டுன வரி சார்?”

“அது வீணாப் போகாதுங்க. அதுக்குத் தனியா ஒரு ஃபாரம் இருக்குது. அங்க கட்டுனத இங்க கழிச்சுக்குவாங்க. வாடகைய பேங்க் வட்டியோட சேத்துப் பாத்தா...” கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் தட்டினார். “ஏழாயிரத்துச் சொச்சம் கட்டோணும். அவ்வளவுதானுங்.”

பிலோமி என்னைப் பார்த்தாள். பத்து லட்சம் ஏழாயிரமாகிவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு என்னவோ பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இருந்தது.

“வீட்டு ஆதாரம் இருக்குதுங்களா? எப்ப வாங்குனது, எவ்வளவுக்கு வாங்குனது, எல்லாம் இதுல போடோணும்.”

அவள் ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுக்கப் போனவள், கொஞ்சம் நின்று, பிறகு கொடுத்தாள். ஜெகன் மேலிருந்து கீழே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“அக்கா, இதுல ரெண்டு பேரு இருக்குதுங்களே. பிலோமினா ஒண்ணுங், சரி. சூசையப்பன் சவரிமுத்து... இது யாருங்க?”

சவரிமுத்து என் அப்பா.

“நாந்தான் சார்” என்றேன்.

“எப்பருந்துங்க?” என்று கேட்டுவிட்டு அவரே தேதியைப் பார்த்தார். “இருபத்தொண்ணுலருந்து இருக்குதுங். ஆமா, உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொரோனா இரண்டாவது தடவை வந்த வருடம். ஜீப் ஓடாமல் வீட்டு முன்னால் நின்றது. கூரியரில் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் குறி போட்டிருந்தாள். ‘இன்சூரன்ஸ் மாதிரி ஒண்ணுங்க, மூணாறுல வக்கீல் முன்னால போட்டு அனுப்புங்க’ என்றாள். போட்டு அனுப்பினேன். இங்கிலீஷ் காகிதத்தில் குறியை மட்டும்தான் பார்ப்பேன், எழுத்தைப் பார்ப்பதில்லை.

“எதுக்கு பிலோமி?” என்று கேட்டேன்.

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்க வார்டுல எங்கூட நின்ன ரெண்டு பேரு ஒரே வாரத்துல போயிட்டாக. ஒருத்தி கோட்டயத்துக்காரி, என்னைய விடச் சின்னவ. நானும் போயிட்டேன்னா, வீடு அங்க கெடக்கும், நீங்க இங்க கெடப்பீக. யாராவது வந்து இது ஒன்னது இல்லன்னு சொன்னா ஒங்களால என்ன செய்ய முடியும்? அதான் பாதிய எழுதி வச்சேன். ரெண்டு பேரு பேர்ல இருந்தா, ஒராளு போனாலும் மத்தவகள யாரும் எறங்கச் சொல்ல முடியாதாம்ல.”

“ஏன் சொல்லல?”

“அப்பச் சொன்னா சாவப் பத்திப் பேசுதேன்னு பதறிருவீக. பெறகு சொன்னா, எம் பாதிய வித்துக் குடுன்னு மறுநாளே வந்து நிப்பீக.”

இரண்டும் உண்மை. பதறியிருப்பேன். மறுநாளே போய் நின்றிருப்பேன். பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் மூடிக் கட்டிக்கொண்டு அந்த வார்டில் நின்றவள், வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து, என் பெயரையும் என் அப்பா பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறாள். நான் இங்கே ‘உன் வீடு, உன் வீடு’ என்று குத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஜெகன் காகிதத்தைக் கீழே வைத்தார். “அண்ணா, கெணறு வெட்டப் போயி பூதம் கெளம்புன கதையாட்ட ஆயிப்போச்சுங். அக்காவுக்குச் சிக்கல் ஒரே வருசந்தானுங். உங்களுக்குத்தாங்க ஜாஸ்தி.”

“எனக்கா? கொழுக்குமலைக்கு அங்கிட்டு நான் போனதே கெடையாதே சார்.”

“அதுதாங்க சிக்கலே. அக்கா வெளிநாட்டுல இருந்தவீங்க, அவீங்களுக்குச் சலுகை உண்டுங். நீங்க ஊரவுட்டே போகாதவரு. இருபத்தொண்ணுலருந்தே வருசா வருசம், எனக்கு வெளிநாட்டுல ஊடு இருக்குதுன்னு சொல்லியிருக்கோணுமுங்க. வருமானம் இல்லீன்னாலும் சொல்லோணும்.”

“எம் பாதிக்கு எவ்வளவு வரி?”

“ஒரு பைசா இல்லீங். பொஞ்சாதி புருசனுக்குச் சும்மா எழுதி வச்ச சொத்துன்னா, அதுல வர்ற வாடகைய பொஞ்சாதி கணக்குலதானுங்க சேப்பாங்க.”

“வரி எல்லாம் அவளுக்கு. தண்டம் மட்டும் எனக்கா?”

“அப்படியும் வெச்சுக்கலாமுங்க” என்று சிரித்தார். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள். நான் எலிப்புழுக்கையாக உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் அவர் நிதானமாக வழியைச் சொன்னார். என் பெயரில் இந்த வருடக் கணக்கை முப்பத்தொன்றுக்குள் தாக்கல் செய்யலாம். அதில் வீட்டைக் காட்டலாம். பழைய வருடங்களுக்கு, தெரியாமல் விட்டுப்போயிற்று என்று உள்ளபடி ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் விட்டாலும் விடுவார்கள், தண்டம் போட்டாலும் போடுவார்கள். அதற்கு அவர் உறுதி சொல்லமாட்டார்.

பிலோமி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “இவரு பேர எடுத்துட்டா சார்?”

“அங்க எழுதிக் குடுத்து எடுத்துப்போடலாமுங்க. எடுத்துட்டா இனிமேலைக்கு இவரு சொல்ல வேண்டியதில்லீங். பழசு பழசுதான்.” பிலோமியின் போனில் வந்த செய்தியைப் பார்த்தார். “மெசேஜ் அக்காவுக்குத்தானுங்க வந்திருக்குது. அண்ணனுக்கு வரலீங். ஆனா அதப் பாத்து பேசாம இருந்துக்கலாம்னு நான் சொல்லமாட்டனுங்க. மடியில கனமிருந்தா வழியில பயந்தான். நீங்களே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.”

அவர் தேநீர் சொல்லிவிட்டு வருவதாகக் கீழே போனார். பிலோமி என் பக்கம் திரும்பினாள்.

“எடுத்துருவோங்க. எனக்குப் பயமா இருக்கு. இல்லாட்டி ஒண்ணு செய்வோம்...” கவரை மூடி மடியில் வைத்தாள். “வித்துருவோம். நீங்க சொல்லுற மாதிரியே. பெரியமுத்து அண்ணாச்சி வீட்ட வாங்கிருவோம். பட்டயம் இருக்கு, ஒங்க பேர்லயே எழுதிக்கிருவோம். நம்மளுக்கும் வயசாகுதுல்ல.”

பதினெட்டு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. சிஞ்சுவையும் குழந்தைகளையும் காலி பண்ணச் சொல்லவேண்டி வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறாள். இந்த வார்த்தை வரும் நாளில் அண்ணாச்சி வீட்டு வாசலில் மாதா படத்தை எங்கே மாட்டுவது என்பது வரை நான் யோசித்து வைத்திருந்தேன். கையில் வந்ததும் எனக்கு அதில் ருசி இல்லை.

எங்கள் மலையில் வரி என்பது வேறு சங்கதி. மற்ற ஊரில் வரி கேட்டு வந்தால் ஒளிந்துகொள்வார்கள். எங்கள் ஆள்கள் வில்லேஜ் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடப்பார்கள், எங்கள் நிலத்துக்குக் கரம், அதாவது நிலவரி, வாங்கிக்கொள்ளுங்கள் என்று. கரம் அடைத்த ரசீது இருந்தால் நிலம் உன்னுடையது. வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது. ரசீதை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அப்படி ஒரு ரசீது இருந்ததில்லை. அதற்குக் காரணம் என் அப்பா சவரிமுத்து. லயத்துக்கு மேலே அரை ஏக்கரைத் திருத்தி ஏலச்செடி போட்டிருந்தார். சர்வே எடுக்க வந்தவர்கள், இது யாருது, என்ன பேர் போட என்று கேட்டிருக்கிறார்கள். தன்னுடையது என்று சொன்னால் கம்பெனியில் பேரை வெட்டிவிடுவார்களோ, வரி போடுவார்களோ என்ற பயத்தில், ‘எனக்குத் தெரியாதுங்கய்யா’ என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. அந்த வாசலில்தான் ஜீப்பை நிறுத்தி ஆள் ஏற்றுகிறேன்.

ஜெகன் திரும்பி வந்ததும் சொன்னேன்.

“பேரப் போடுங்க சார்.”

“ஏங்க!” என்றாள் பிலோமி. “பத்து லட்சங்க.”

“வந்தா வரட்டும். வந்தா அந்த வீட்ட வித்துக் கட்டுவோம். எங்களுதுன்னு சொல்லிட்டு விப்போம். அது யாருதுன்னு கேக்கும்போது எனக்குத் தெரியாதுன்னு என்னால சொல்ல முடியாது. எங்கப்பன் ஒருக்காச் சொன்னது போதும்.”

ஆய்வதற்கு அங்கே கீரையும் இல்லை.

ஜெகன் முதலில் அவள் கணக்கைத் திருத்தி முடித்தார். அந்த ஏழாயிரத்தை அவள் தன் போனிலிருந்தே கட்டினாள். பிறகு என் முறை. பெயர், அப்பா பெயர், ஆதார் எல்லாம் கேட்டார். வெளிநாட்டுச் சொத்து என்ற பக்கம் வந்தது.

“வீட்டு அட்ரஸ் சொல்லுங்க்கா.”

பிலோமி கவருக்குள் தேட ஆரம்பித்தாள். நான் சொன்னேன். கதவு எண், தெரு, ஊர், கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்து வருகிற அந்தத் தபால் குறியீடு வரைக்கும். ஜெகன் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிலோமி தேடுவதை நிறுத்திவிட்டாள்.

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மாசாமாசம் ஊறுகாயும் கருவாடும் அனுப்புனது யாரு, தபால்காரனா?” என்றேன். பதினைந்து வருடம் பார்சல் மேல் என் கையால் எழுதிய விலாசம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு பாசமும் இல்லை என்றுதான் அதுவரைக்கும் நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

“உரிமை எப்படிங்ண்ணா, நேரடி உரிமைன்னு போட்டுக்கட்டுங்களா?”

“போடுங்க.”

“கட்ட வேண்டிய வரி, சைபருங்.”

“ஒரு நூறு ரூவாயாச்சும் கட்ட வழி இல்லையா சார்? ரசீதுல ஏதாச்சும் இருக்கட்டுமே.”

ஜெகன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பதினேழு வருடமாக இந்த வேலை பார்ப்பதாகவும், வரி போடச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னார். வழி இல்லையாம். ஒப்புகைச் சீட்டையும், வீடு எழுதியிருக்கிற பக்கத்தையும் தனியாக அச்செடுத்துக் கொடுத்தார். பழைய வருடங்களுக்கான கடிதத்தில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன், இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டு.

தண்டம் வருமா வராதா என்று இதை எழுதும் நாள்வரை தெரியாது. பிலோமி தினமும் போனைப் பார்க்கிறாள்.

அன்று மத்தியானம் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பெரியமுத்து அண்ணாச்சி கூப்பிட்டார். வேறொருவர் முன்பணத்தோடு வந்து நிற்கிறாராம். எனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறாராம்.

“அவருக்கே குடுத்துருங்க அண்ணாச்சி” என்றேன்.

“என்னடே, இத்தன நாளு வீடு வேணும் வீடு வேணும்னு கெடந்தயே?”

ஜன்னலோரம் இருந்த பிலோமி திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வீடு இருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் தூரத்துல இருக்கு, அவ்வளவுதான்.”